"அண்ணை, விம் பழுதாப் போச்சு": அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இரவு பத்து மணிக்குப் பிறகு எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரித்தான் தொடங்கும். "அண்ணை, விம் பழுதாப் போச்சு." விம் என்பது டெர்மினலுக்குள், அதாவது கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் ஜன்னலுக்குள், ஓடும் எழுத்துத் திருத்தி. கூப்பிடுவது பெரும்பாலும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் கம்பஸ் பிள்ளைகள். இல்லாவிட்டால் வீட்டிலிருந்தபடி எங்கோ ஒரு நாட்டிலுள்ள சேர்வரைப் பார்த்துக்கொள்ளும், வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த யாராவது. இத்தனை வருடத்தில் விம் உண்மையாகவே பழுதாகி நான் பார்த்ததில்லை. அது ஒரு நிலையில் இருக்கும், நாங்கள் வேறு நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு விசைகளைத் தட்டுவோம். அவ்வளவுதான் நடக்கிறது.

தொலைபேசியில் சொல்லிச் சொல்லியே பழகியதால் விசைகளை வாயால் சொல்வது போலவே இங்கும் எழுதுகிறேன். 'டி' என்றால் D என்ற ஆங்கில எழுத்துள்ள விசை, ஷிப்ட் இல்லாமல். 'பெரிய டி' என்றால் ஷிப்டோடு. கோலன் என்பது முக்காற்புள்ளி. கோலனில் தொடங்கும் கட்டளை எதுவானாலும் கடைசியில் என்டர் தட்ட வேண்டும், அதை ஒவ்வொரு தடவையும் சொல்லப்போவதில்லை.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் திரையின் இடது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே 'இன்சர்ட்' என்று இருந்தால் எழுதும் நிலை. 'விஷுவல்' என்று இருந்தால் எதையோ தெரிவு செய்துகொண்டிருக்கிறீர்கள். ஒன்றும் இல்லாமல் வெறுமையாக இருந்தால் கட்டளை நிலை. எனக்குக் கோல் எடுக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கீழ இடப்பக்கம் என்ன எழுதியிருக்கு, வாசி" என்பதுதான். வாசித்து முடிக்கும்போதே பாதிப் பேர் "ஆ, விளங்கீட்டுது" என்று வைத்துவிடுவார்கள்.

"வெளிய வரேலாமல் கிடக்கு"

எஸ்கேப்பை ஒரு தடவை, பயமாக இருந்தால் இரண்டு தடவை தட்டுங்கள். பிறகு கோலன், கியூ. வெளியே வந்துவிட்டால் சரி. 'இ37' என்ற எண்ணோடு சிவப்பில் ஒரு வரி வந்தால், எழுதியதைச் சேமிக்காமல் போகப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். எழுதியது வேண்டுமென்றால் கோலன் டபிள்யூ கியூ. வேண்டாமென்றால் கோலன் கியூ ஆச்சரியக்குறி. விம்மில் ஆச்சரியக்குறிக்கு "நான் சொல்லுறன், செய்" என்று பொருள் வைத்துக்கொள்ளலாம்.

இது தெரியாமல் மாட்டிக்கொண்டதற்கு வெட்கப்படத் தேவையில்லை. விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று, நிரலாளர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் 2012 இல் ஒருவர் கேட்ட கேள்வியை 2017 க்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள்.

வெளியே வரத் தெரியாமல் டெர்மினல் ஜன்னலையே மூடிவிட்டீர்களா? அப்படியென்றால் கொஞ்சம் கீழே, கரண்ட் போன கதைக்குப் போங்கள்.

"எழுதுறன், முதல் எழுத்துகள் வருதில்லை"

நல்லூர் என்று ஆங்கிலத்தில் அடிக்கிறீர்கள். என் காணவில்லை, ஏ காணவில்லை, மீதி மட்டும் திரையில் நிற்கிறது. விம்மைத் திறந்ததும் அது கட்டளை நிலையில் இருக்கும். அந்த நிலையில் 'என்' என்றால் அடுத்த தேடல் முடிவுக்குப் போ, 'ஏ' என்றால் இந்த எழுத்துக்குப் பின்னால் எழுதத் தொடங்கு. ஆக, நல்லூரின் முதல் இரண்டு எழுத்தையும் விம் கட்டளையாக எடுத்துக்கொண்டு, மூன்றாவது எழுத்திலிருந்துதான் எழுத விட்டிருக்கிறது.

எழுதத் தொடங்கும் முன் 'ஐ' தட்டுங்கள். நிற்கும் இடத்துக்கு முன்னால் எழுதலாம். 'ஏ' பின்னால் எழுத. 'ஓ' தட்டினால் கீழே புது வரி திறக்கும், பெரிய ஓ என்றால் மேலே. எழுதி முடித்ததும் எஸ்கேப். தெரியாமல் ஏதாவது செய்துவிட்டால் எஸ்கேப், பிறகு 'யு'. ஒவ்வொரு 'யு'வும் ஒரு படி பின்னால் போகும். அளவுக்கு மீறிப் பின்னால் போய்விட்டால் கொன்ட்ரோல் ஆர் முன்னால் கொண்டுவரும்.

எஸ்கேப் விசை இவ்வளவு தூரத்தில் இருக்கிறதே என்று சுண்டுவிரல் நோகிறவர்கள் கேட்பார்கள். விம்முக்கு மூத்ததான விஐயை பில் ஜாய் 1976 இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் எழுதினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில், இப்போது டாப் விசை இருக்கும் இடத்தில்தான் எஸ்கேப் இருந்தது. அதே விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகளை அச்சடித்திருந்தார்கள். இடம், கீழ், மேல், வலம் என்று அந்த நாலும் இன்றைக்கும் நகர்த்துவது அதனால்தான். சுண்டுவிரல் நோகிறவர்களுக்குக் கொன்ட்ரோலோடு சேர்த்து இடப்பக்கச் சதுர அடைப்புக்குறி. எஸ்கேப் செய்யும் அதே வேலையை அதுவும் செய்யும்.

"தமிழில எழுதினாப் பிறகு ஒரு கட்டளையும் வேலை செய்யுதில்லை"

எங்களைப் போல ஆங்கிலமல்லாத எழுத்தில் அடிப்பவர்களுக்கு வரும் பிழை இது. ஆங்கிலத்தில் மட்டும் அடிப்பவர்களுக்கு எழுதிய வழிகாட்டிகளில் பெரும்பாலும் இருக்காது.

தமிழில் எழுதிவிட்டு எஸ்கேப் தட்டுகிறீர்கள். நிலை மாறிவிட்டது. ஆனால் விசைப்பலகை இன்னும் தமிழில்தான் இருக்கிறது. தமிழ் 99 விசை அமைப்பு வைத்திருப்பவர் எச், ஜே, கே, எல் என்று தட்டினால் விம்முக்குப் போய்ச் சேர்வது க, ப, ம, த. 'யு' என்று தட்டினால் போவது ற. 'க' என்றொரு கட்டளை விம்மில் இல்லை. அது பேசாமல் இருக்கும், அல்லது டிங் என்று ஒரு சத்தம் போடும். பாமினி விசை அமைப்பு, ரெங்கநாதன், எதுவானாலும் இதே நிலைமைதான்.

உடனடி வைத்தியம்: எஸ்கேப் தட்டியதும் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். உபுண்டுவில் வழக்கமாக விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். எழுதப் போகும்போது திரும்பத் தமிழ். பத்து நிமிடத்தில் அலுத்துவிடும், உண்மைதான்.

அலுத்துப்போனவர்களுக்கு நிரந்தர வைத்தியம் ஒன்று உண்டு. கணினியின் விசைப்பலகையை எப்போதும் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, தமிழாக்கும் வேலையை விம்மிடமே கொடுப்பது. 'கீமேப்' என்று விம்மில் ஒரு வசதி இருக்கிறது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று ஒரு சின்னப் பைலில் வரிசையாக எழுதி, உங்கள் விம் கோப்புறைக்குள் கீமேப் என்ற உள்கோப்புறையில் போட வேண்டும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அது கட்டளை விசைகளைத் தமிழாக்காது. எஸ்கேப் தட்டிய கணமே ஜே ஜேயாகவும், கே கேயாகவும் இருக்கும். எழுதும்போது இடையில் ஆங்கிலச் சொல் வந்தால் கொன்ட்ரோலும் 6 உம் சேர்த்துத் தட்ட மாறும், மறுபடி தட்டத் திரும்பும்.

விம்மோடு வரும் தமிழ்க் கீமேப்பை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு "குப்பையா வருகுது" என்று சொன்னவர்களும் உண்டு. அது யூனிகோடுக்கு முந்திய திஸ்கி குறியாக்கத்துக்கு எழுதியது. இப்போது உதவாது. ஒரு பின்னேரம் இருந்து உங்களுடையதை நீங்களே எழுதுங்கள்.

"தமிழ் எழுத்து உடைஞ்சு தெரியுது"

மூன்று விதமாக உடையும். எது என்று பார்த்துத்தான் மருந்து.

ஒற்றைக்கொம்பும் அரவும் இடம் மாறி, கேர்சர் ஒரு இடத்தில் நிற்க எழுத்து வேறு இடத்தில் விழுந்தால், குற்றம் டெர்மினலுடையது. டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அளவுப் பெட்டிக்குள் அடைக்கப் பார்க்கும், 'கௌ' அந்தப் பெட்டிக்குள் அடங்காது. பைலுக்குள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். வேறு டெர்மினல் நிரலில் திறந்து பாருங்கள், சிலது பரவாயில்லை.

சந்தேகமிருந்தால் எழுத்தின் மேல் நின்று 'ஜி ஏ' தட்டுங்கள். உள்ளே இருக்கும் குறியெண்களைக் கீழே காட்டும். 'கு' என்பதன் மேல் நின்றால் இரண்டு எண் வரும், முதலாவது 2965, அது க. இரண்டாவது உகரக் குறி. இதையே தெரிந்துகொண்டால் இன்னொரு முறைப்பாட்டுக்கும் பதில் கிடைக்கும். "எக்ஸ் தட்டினா குறி மட்டும் போகாமல் முழு எழுத்தும் போகுது" என்பார்கள். விம்மின் இயல்பே அதுதான், உயிர்மெய்யை முழுதாக அழிக்கும். குறியை மட்டும் அழிக்க வேண்டுமென்றால் கோலன் செட் டெல்கம்பைன். எனக்கென்றால் பழைய இயல்புதான் பிடிக்கும். காலும் கொம்பும் தனியாகத் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்க ஏலாது.

இரண்டாவது, எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறியாக வருவது. சேர்வரின் மொழி அமைப்பு யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியாக்கத்தில் இல்லை. சேர்வரில் அதைச் சரிசெய்துவிட்டு விம்மைத் திரும்பத் திறக்க வேண்டும்.

மூன்றாவது, பைல் முழுக்க ஆங்கில எழுத்தும், இரண்டு எழுத்துக்கு ஒரு அரைப்புள்ளியுமாக இருப்பது. அது பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பைல். பாமினியில் புள்ளி வைக்கும் விசைதான் அரைப்புள்ளி. விம்மில் எந்த அமைப்பை மாற்றினாலும் அது தமிழாகாது. யூனிகோட் மாற்றி ஒன்றில் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

"திரை உறைஞ்சு போச்சு, ஒண்டும் அசையுதில்லை"

"கொன்ட்ரோல் எஸ் தட்டினனியா?" "ஓம் அண்ணை, சேவ் பண்ண." முடிந்தது. கொன்ட்ரோல் கியூ தட்டச் சொல்லுவேன், உயிர் வந்துவிடும். டெர்மினலுக்குக் கொன்ட்ரோல் எஸ் என்றால் "காட்டுவதை நிறுத்து" என்று அர்த்தம், கொன்ட்ரோல் கியூ "தொடரு". அச்சு இயந்திரம் போலிருந்த டெர்மினல்களின் காலத்துப் பழக்கம் அது. புதிய விம் எல்லாவற்றிலும் இது நடக்காது, பழைய சேர்வர்களில் நடக்கும். உறைந்த நேரத்தில் கோபத்தில் விசைகளைத் தட்டியிருந்தால் அதெல்லாம் உயிர் வந்ததும் ஒரேயடியாக ஓடும். ஆகவே கையைக் கட்டிக்கொண்டு கொன்ட்ரோல் கியூ மட்டும்.

"விம் காணாமல் போச்சு"

வேர்ட் பழக்கத்தில் கொன்ட்ரோல் இசட். விம் மூடவில்லை, பின்னால் போய் உறங்குகிறது. எஃப் ஜி என்று அடித்து என்டர், திரும்பி வரும். இது தெரியாமல் அதே பைலைத் திரும்பத் திறப்பவர்களுக்கு அடுத்த பிழை காத்திருக்கிறது.

"ஏதோ ஸ்வாப் பைல் எண்டு ஒரு பக்கம் நிறைய எழுதி வருகுது"

இதற்குக் கொஞ்சம் நேரம் எடுங்கள். அவசரப்பட்டு ஒரு விசையைத் தட்டி எழுதியதை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் எழுதும்போது விம் பக்கத்தில் ஒரு மறைவான பைலை வைத்து அதிலும் எழுதிக்கொண்டிருக்கும். 200 எழுத்து அடித்தால் ஒரு தடவை, அல்லது நாலு செக்கன் கை ஓய்ந்தால் ஒரு தடவை. ஒழுங்காக மூடினால் அதை அழித்துவிடும். கரண்ட் போனால், சிக்னல் விழுந்து சேர்வரோடு தொடர்பு அறுந்தால், ஜன்னலை மூடினால், அந்தப் பைல் அப்படியே கிடக்கும். அடுத்த தடவை திறக்கும்போது 'இ325' என்று அதைத்தான் சொல்கிறது. பயமுறுத்த வந்த செய்தி இல்லை, காப்பாற்ற வந்தது.

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். அப்போது என்னிடம் யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினி. நேர அட்டவணை ஒன்று சொல்லும், கரண்ட் தன் பாட்டுக்குப் போகும். அந்த வாரத்தில் நான் இழந்தது மொத்தம் ஒன்றரை வரி.

செய்ய வேண்டியது இது. அந்தப் பக்கத்தில் செயல்முறை எண் ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் 'இன்னும் ஓடுகிறது' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருந்தால், அதே பைல் வேறு எங்கோ திறந்திருக்கிறது. கொன்ட்ரோல் இசட் காரர் நீங்களாக இருக்கலாம். 'கியூ' தட்டி வெளியே வந்து, எஃப் ஜி. அப்படி ஒன்றும் இல்லையென்றால் 'ஆர்' தட்டுங்கள், மீட்டுத் தரும். உடனே பழைய பெயரில் சேமிக்காதீர்கள். கோலன் டபிள்யூ, ஒரு இடைவெளி, புதுப் பெயர். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, மீட்டது சரியென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த ஸ்வாப் பைலை அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இதே கேள்வி வரும், ஒருநாள் தூக்கக்கலக்கத்தில் தவறான பதிலைத் தட்டுவீர்கள்.

சேர்வர் வேலையென்றால், தொடர்பு அறுந்தாலும் திறந்ததைச் சேர்வரிலேயே ஓடவிடும் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் விம்மைத் திறந்து பழகுங்கள். சிக்னல் போனாலும் அங்கே அது அப்படியே இருக்கும்.

"வரியெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டுது"

கப்ஸ் லொக். வேறு ஒன்றுமில்லை. கீழே போக ஜே தட்டுகிறீர்கள், அது பெரிய ஜே ஆகி அடுத்த வரியை இழுத்து ஒட்டுகிறது. மேலே போகக் கே தட்டினால் ஏதோ கையேட்டுப் பக்கம் திறக்கிறது. பெரிய இசட் இரண்டு தடவை தட்டுப்பட்டால் சேமித்துக்கொண்டே வெளியேறிவிடும். கோலன் போட்டு டபிள்யூ அடித்தால் அப்படியொரு கட்டளை இல்லை என்கிறது. கப்ஸ் லொக்கை எடுத்துவிட்டு, வரிகள் சரியாகும்வரை 'யு'.

சின்னச் சின்னது

கீழே 'ரெக்கோர்டிங்' என்று வந்தால், கியூவைத் தவறுதலாகத் தட்டிவிட்டீர்கள், நீங்கள் செய்வதையெல்லாம் பதிவு செய்கிறது. இன்னொரு கியூ நிறுத்தும். கோலனும் கியூவும் முன்பின்னாக விழுந்து, கீழே பழைய கட்டளைகளின் பட்டியல் ஒன்று திறந்தால், கொன்ட்ரோல் சி இரண்டு தடவை.

வேறு இடத்திலிருந்து கொப்பி பண்ணி ஒட்டிய நிரல் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போனால், 'யு', பிறகு கோலன் செட் பேஸ்ட், ஒட்டுங்கள், முடிந்ததும் கோலன் செட் நோபேஸ்ட். கடைசியை மறந்தால் வேறு நூதனங்கள் நடக்கும்.

எழுதும் நிலையில் அம்புக்குறி தட்டினால் ஏ, பி, சி, டி என்று விழுகிறதா? சேர்வரில் இருப்பது விம்மின் மிகச் சிறிய பதிப்பு, பழைய விஐ போல நடிக்கிறது. கோலன் செட் நோகம்பேட்டிபிள். நிறுவ அனுமதி இருந்தால் முழு விம்மைப் போடுங்கள்.

அரை மணித்தியாலம் திருத்திய பிறகு 'இ45', வாசிக்க மட்டும் என்கிறதா? சுடோ, அதாவது நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை, இல்லாமல் திறந்திருக்கிறீர்கள். வெளியேற வேண்டாம். கோலன் டபிள்யூ, இடைவெளி, ஆச்சரியக்குறி, சுடோ, இடைவெளி, டீ, இடைவெளி, சதவீதக்குறி. இதில் டீ என்பது குடிக்கிற டீயின் உச்சரிப்புள்ள லினக்ஸ் கட்டளை, ஆங்கிலத்தில் tee. கடவுச்சொல் கேட்கும், எழுதும், பிறகு பைல் மாறிவிட்டது என்று எச்சரிக்கும், 'எல்' தட்டுங்கள்.

"திறந்த உடன உகண்டா எண்டு ஏதோ வருகுது, வைரஸோ?" என்று ஒரு தங்கச்சி கேட்டார். இல்லை. விம்மை 1991 இல் வெளியிட்ட பிராம் மூலெனார் அதற்குக் காசு கேட்கவில்லை. விரும்பினால் உகண்டாவிலுள்ள பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். 2023 ஆகஸ்டில் அவர் காலமானார். அந்த வரி இன்னும் இருக்கிறது.

"கட்டளை ஒண்டும் மனசில நிக்குதில்லை"

பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டுகிறவர்களுக்குத்தான் இந்தப் பிழை வரும். ஏ/எல் பழக்கம், பாடமாக்கப் பார்ப்பார்கள். விம்மின் கட்டளைகள் வாய்ப்பாடு இல்லை, வசனம். 'டி' அழி. 'சி' அழித்துவிட்டு எழுது. 'வை' பிரதியெடு. இவை வினைகள். 'டபிள்யூ' ஒரு சொல், 'ஐ டபிள்யூ' நிற்கும் சொல் முழுதும், 'ஏ பி' (இந்தப் 'பி' P) ஒரு பந்தி. இவை பெயர்கள். டி ஏ பி என்றால் பந்தியை அழி. சி ஐ டபிள்யூ என்றால் இந்தச் சொல்லை மாற்று. மூன்று வினையும் நாலு பெயரும் தெரிந்தால் பன்னிரண்டு கட்டளை தெரியும்.

எங்களுக்குத் தடக்குவது எங்கே என்றால், தமிழில் வினை கடைசியில் வரும், விம்மில் முதலில் வருகிறது. "சொல்லை அழி" என்று நினைக்கிற மனதுக்கு "அழி, சொல்லை" என்பது தலைகீழ். அதனால் புதிதாய் வருகிறவர்களை நான் விஷுவல் நிலையில் தொடங்க வைப்பேன். 'வி' தட்டி, 'ஐ டபிள்யூ' தட்டினால் சொல் வெளிச்சமாகும், பிறகு 'டி'. இதை, அழி. தமிழ் ஒழுங்கு. இரண்டு கிழமையில் ஒரு விசை மிச்சம் என்று தாங்களே 'வி'யை விட்டுவிடுவார்கள். இடையில் டெர்மினலில் விம்டியூட்டர் என்று அடித்து அந்த அரை மணிநேரப் பயிற்சியையும் ஒரு தடவை செய்துவிடுங்கள்.

பயிற்சிக்கு நான் கொடுக்கும் பைல் ஒன்று இருக்கிறது. அதில் ஊர்ப் பெயர் நாற்பது இடத்தில் 'ப்' இல்லாமல் 'யாழ்பாணம்' என்று இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றக் கூடாது, ஏனென்றால் சில இடங்களில் அது பெயர்ப்பலகையில் உள்ளபடியே எடுத்த மேற்கோள், அதைத் தொடக்கூடாது. சாய்கோடு தட்டி யாழ்பாணம் என்று தேடுங்கள். 'சி ஜி என்' தட்டி யாழ்ப்பாணம் என்று சரியாக எழுதி எஸ்கேப். இனி 'என்' தட்டினால் அடுத்த இடம். திருத்த வேண்டிய இடமென்றால் முற்றுப்புள்ளி விசை, போன திருத்தத்தை அப்படியே செய்யும். மேற்கோள் என்றால் இன்னொரு 'என்', தாண்டிப் போய்விடும். தமிழில் தேடியதால் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்தவர்களிடமிருந்து இந்த இடத்தில் எனக்கு அழைப்பு வரும்.